உதிர்ந்த காயைப் பொறுக்காமல் போரரை அடக்க முடியாது

காபி அறுவடை முடிகிற சமயம் என்பதால், இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை போரர் என்கிற காய்த்துளைப்பான் வண்டைப் பற்றியவை. கூடலூர், பந்தலூர் பக்கமிருந்தும் கீழ்ப்பழனி மலையிலிருந்தும் கிட்டத்தட்ட ஒரே கவலையைத்தான் எழுதியிருக்கிறீர்கள். அதனால் மற்ற பயிர்க் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இந்தப் பக்கம் முழுவதையும் இதற்கே கொடுத்துவிட்டேன்.

கேள்வி: எங்கள் ரொபஸ்டா காபியில் காயின் நுனியில் ஊசியால் குத்தினது போல ஓட்டை. மருந்துக்கடையில் கொடுத்ததை இரண்டு தடவை அடித்தோம், குறையவே இல்லை. மருந்து போலியா, இல்லை நாங்கள் அளவைத் தப்பாகக் கலந்தோமா?
வாசகர், தேவாலா

மருந்து போலியாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. நல்ல மருந்தைச் சரியான அளவில் கலந்து அடித்திருந்தாலும் பெரும்பாலும் இதுதான் நடந்திருக்கும், ஏனென்றால் நீங்கள் அடிக்கும்போது பூச்சி வெளியே இல்லை.

நீங்கள் சொல்வது காபிக் காய்த்துளைப்பான். தோட்டத்தில் எல்லோரும் போரர் என்றே சொல்கிறார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். ஒன்றரை மில்லிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும் கறுப்பு வண்டு. பெண் வண்டு காயின் நுனியில் இருக்கிற தொப்புளில் துளை போட்டு உள்ளே போகிறது, பருப்பைக் குடைந்து முட்டை வைக்கிறது, புழுவும் கூட்டுப்புழுவும் அதே பருப்புக்குள் வளர்ந்து ஏறக்குறைய ஒரு மாதத்தில் அடுத்த தலைமுறை தயாராகிவிடுகிறது. பிறப்பதில் பெரும்பாலானவை பெண், பத்துக்கு ஒன்று என்ற கணக்கில்தான் ஆண். அந்த ஆணுக்குப் பறக்கத் தெரியாது, காயை விட்டு வெளியே வராமலே தன் கூடப்பிறந்த பெண் வண்டுகளோடு சேர்ந்துவிட்டு அங்கேயே செத்துப்போகும். ஆக வெளியே வருகிற ஒவ்வொரு பெண் வண்டும் சூல் கொண்டுதான் வருகிறது. துணை தேட வேண்டியதில்லை, அடுத்த காய் கிடைத்தால் போதும். வேறு கண்டத்துப் பூச்சி ஒன்று புது இடத்தில் இவ்வளவு சுலபமாக வேர் பிடித்ததற்கு இந்தக் குணம் ஒரு பெரிய காரணம்.

மத்திய ஆப்பிரிக்கா இதன் சொந்த ஊர். இந்தியாவில் முதன்முதலாக 1990இல் கண்டுபிடித்தது உங்கள் கூடலூர்ப் பக்கத்தில்தான், அங்கிருந்து வயநாடு, குடகு என்று பரவியது. கூடலூரில் வயதான தோட்டக்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள், இந்த ஓட்டை இல்லாத காபியைப் பார்த்த ஞாபகம் அவர்களுக்கு இருக்கும்.

இப்போது மருந்து விஷயம். காய்க்குள் பருப்பு இன்னும் தண்ணீர்ப் பதமாக இருந்தால் வண்டு தொப்புளை மட்டும் துளைத்துவிட்டு அந்த வாயிலிலேயே காத்திருக்கும், பருப்பு கெட்டிப்பட்ட பிறகுதான் உள்ளே இறங்கும். மருந்து அதன் உடம்பில் படக்கூடிய நேரம் அந்தக் காத்திருப்பு மட்டும்தான். பிப்ரவரி மார்ச்சில் பூத்த ரொபஸ்டாவில் அந்த நேரம் எப்போது வருகிறது? ஜூலை, ஆகஸ்ட். தேவாலாவில் ஜூலை மழை எப்படிப் பெய்யும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மழை விட்டு அக்டோபரில் ஓட்டையைப் பார்த்துப் பதறி அடிக்கும்போது அது உள்ளே குடும்பமே நடத்திக்கொண்டிருக்கும், நீங்கள் அடித்தது காயின் தோலையும் இலையையும் நனைத்து, துளைப்பானைத் தின்னும் குளவியையும் எறும்பையும் கொன்றுவிட்டுப் போயிருக்கும்.

ஒரு காலத்தில் எண்டோசல்ஃபான் என்ற பூச்சிமருந்தை அடித்தார்கள். அதை 2011இல் உச்ச நீதிமன்றம் நிறுத்தியது, நிறுத்தியது நல்லதுதான். நியூ கலிடோனியா தீவில் இந்த வண்டு அந்த மருந்துக்கே பழகிப்போனது 1980களின் கடைசியிலேயே தெரிந்துவிட்டது. அப்புறம் வந்த குளோர்பைரிஃபாஸுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2020இல் அனுமதியைப் புதுப்பிக்கவில்லை. நம் நாட்டுக் காபியில் பெரும்பகுதி ஏற்றுமதிக்குப் போகிறது, அதில் ஐரோப்பாவுக்குத்தான் பெரிய பங்கு. மருந்தின் மிச்சம் கொட்டையில் இருந்தால் நஷ்டம் சுற்றி நம்மிடமே வரும். அடித்தே ஆகவேண்டிய நிலை என்றால் கடைக்காரரைக் கேட்காதீர்கள், காபி வாரிய விரிவாக்க அலுவலகத்தில் அந்த வருஷத்துச் சிபாரிசு என்ன என்று கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

உங்கள் பணத்தை எதில் போடலாம் என்று கேட்டால், அறுவடை முடிந்த பிறகு இன்னொரு சுற்று ஆள் விடுங்கள் என்பேன். செடியில் தங்கிப்போன காய், தரையில் உதிர்ந்து இலைச்சருகுக்கு அடியில் கிடக்கும் காய் இரண்டையும் எடுத்தாக வேண்டும். பிப்ரவரிக்கும் ஜூலைக்கும் நடுவில் தோட்டத்தில் அந்த வண்டுக்கு வேறு வீடே கிடையாது. அந்தக் கறுத்துக் காய்ந்த காய்க்குள் மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்து, கோடை மழை விழுந்து ஈரம் ஏறியதும் வெளியே கிளம்புகிறது. ஒன்றை எடுத்துப் பிளந்து பாருங்கள், சில காயில் இருபது முப்பது வண்டு இருக்கும். பறிக்கும்போதே செடிக்கு அடியில் தார்ப்பாயோ சாக்குப் படுதாவோ விரித்துவிட்டால் பொறுக்குகிற வேலையில் பெரும்பங்கு மிச்சமாகும், ஆட்களுக்கும் குனிந்து குனிந்து இடுப்பு ஒடியாது. பொறுக்கியதைக் கொதிக்கிற தண்ணீரில் இரண்டு மூன்று நிமிஷம் முக்கி எடுத்துக் காயப்போட்டால் மட்டமான செர்ரியாக, அதாவது தோலோடு காய்ந்த முழுக் காயாக, விற்றும் விடலாம். ஒன்றுக்குமே ஆகாததை இரண்டடி ஆழத்தில் புதையுங்கள். மேலாகப் புதைத்தால் வண்டு மண்ணைக் கிளறிக்கொண்டு வெளியே வந்துவிடும்.

கேள்வி: போன வருஷம் வாசனையால் போரரை இழுத்துப் பிடிக்கும் சிவப்புப் பொறி வாங்கிக் கட்டினோம். குப்பியில் நூற்றுக்கணக்கில் வண்டு விழுந்தது. அப்படியிருந்தும் காயில் ஓட்டை குறையவில்லையே?
வாசகர், தாண்டிக்குடி

இரண்டு விஷயத்தைச் சேர்த்துக் குழப்பிக்கொண்டீர்கள். பொறி, வண்டு எப்போது கிளம்புகிறது என்று சொல்லும். எவ்வளவு இருக்கிறது என்று சொல்லாது, இருப்பதை எல்லாம் பிடித்தும் தராது. ஒரு காய்ந்த காயில் முப்பது வண்டு என்றால் உங்கள் குப்பியில் விழுந்த முந்நூறு, தரையில் கிடந்த பத்துக் காய்க்குத்தான் சமம். அதே செடிக்கு அடியில் பத்து நிமிஷம் குனிந்து பொறுக்கியிருந்தால் அதைவிட அதிகம் போயிருக்கும். பொறி வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. தரையைச் சுத்தம் செய்துவிட்டுப் பொறி கட்டினால் தப்பிப் பிழைத்ததில் ஒரு பங்கை அது பிடிக்கும். தரையில் காயை விட்டுவிட்டுக் கட்டினால் உங்களுக்கு மனத்திருப்தி மட்டும்தான் மிச்சம்.

கட்டுகிற காலமும் முக்கியம். அறுவடை முடிந்த உடனே கட்டி, புதுக்காய் பருப்புப் பிடிக்கும் வரை வைத்திருங்கள். செடியில் நல்ல காய் வந்துவிட்டால் வண்டு அதைத்தான் தேடிப் போகும், குப்பியின் வாசனையைப் பெரிதாகச் சட்டை செய்யாது. முதல் கோடை மழைக்கு அடுத்த நாட்களில் குப்பியைப் பாருங்கள், சட்டென்று எண்ணிக்கை ஏறும். அந்தத் தேதியை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், வருஷா வருஷம் எழுதினால் உங்கள் தோட்டத்துக்கென்று ஒரு கணக்கு கிடைக்கும். குப்பியில் விழுவது எல்லாமே போரர் இல்லை, மரத்தையும் கிளையையும் துளைக்கிற வேறு சின்ன வண்டுகளும் அந்த வாசனைக்கு வரும். உங்கள் ஊரிலேயே காபி வாரியத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, ஒரு குப்பியைக் கொண்டுபோய்க் காட்டிப் பிரித்துக் கேளுங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். பொறிக்குள் வைக்கும் திரவம் மெத்தனாலும் எத்தனாலும் கலந்தது. மெத்தனால் கொஞ்சம் உள்ளே போனாலும் கண் போகும், உயிரும் போகும். அதை எங்கிருந்தாவது தனியாக வாங்கி வீட்டில் கலக்கவே கலக்காதீர்கள். தயாராக அடைத்த குப்பியை மட்டும் முறையான இடத்தில் வாங்கி, பூட்டி வையுங்கள். பொறியில் அதை மாற்றுகிற ஆளுக்கு இது குடிக்கிற சரக்கு இல்லை என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: கோயம்புத்தூரில் வேலையை விட்டுவிட்டுத் தாத்தாவின் அரபிகா காபித் தோட்டத்தைப் பார்க்க வந்திருக்கிறேன். பூச்சி அதிகமா குறைவா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஆட்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள்.
வாசகர், பண்ணைக்காடு

தம்பி, நல்ல கேள்வி. யார் சொல்வதையும் நம்ப வேண்டாம், எண்ணிவிடுங்கள். இரண்டரை ஏக்கர் வரை உள்ள தோட்டம் என்றால் முப்பது செடி போதும். ஓரத்தில் மட்டும் எடுக்காமல் குறுக்கும் நெடுக்குமாக நடந்து, நிழல் அடர்ந்த இடம், ஓடைக்கரை, உலர்களத்துக்குப் பக்கம் எல்லாம் அதில் வருகிற மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு செடியிலும் நடு உயரத்தில், காய் நன்றாகப் பிடித்த ஒரு கிளையைத் தேர்ந்தெடுத்து மொத்தக் காய் எத்தனை, தொப்புளில் ஓட்டை உள்ளது எத்தனை என்று எண்ணுங்கள். முப்பது கிளையில் மொத்தம் 1500 காய், அதில் 30 ஓட்டை என்றால் 2 சதவீதம். கொலம்பியாவில் அந்த 2 சதவீதத்தைத் தாண்டினால்தான் மருந்தைப் பற்றியே யோசிக்கிறார்கள், அதுவும் இன்னொன்றைப் பார்த்த பிறகுதான்.

அந்த இன்னொன்றைத்தான் இங்கே யாரும் செய்வதில்லை. ஓட்டை விழுந்த காயில் நூறைப் பறித்து வந்து மேசையில் பரப்பி, பிளேடால் தொப்புளோடு கீறிப் பாருங்கள். வண்டு வாயிலில் இருக்கிறதா, வழியில் இருக்கிறதா, பருப்புக்குள் போய்விட்டதா, முட்டையும் புழுவும் இருக்கிறதா என்று நாலாகப் பிரியுங்கள். பாதிக்கு மேல் இன்னும் வாயிலிலோ வழியிலோ இருந்தால் வண்டைக் கொல்லும் பூசணமோ மருந்தோ அடித்தால் பலன் உண்டு. பெரும்பாலானவை உள்ளே போய்விட்டன என்றால் தெளிப்பானை எடுத்து வைத்துவிட்டு, அறுவடையை எப்படி முன்னால் இழுப்பது, எந்தப் பகுதியை முதலில் பறிப்பது என்று யோசியுங்கள். பூத்ததிலிருந்து நாலு மாசம் ஆனதும் தொடங்கி மாசத்துக்கு ஒரு முறை எண்ணினால் போதும். எண்ணிக்கையைப் பகுதிவாரியாக எழுதுங்கள், ஏனென்றால் இந்தப் பூச்சி தோட்டம் முழுக்க ஒரே சீராக இருப்பதே இல்லை. அங்கங்கே திட்டுத்திட்டாகத்தான் இருக்கும், அந்தத் திட்டு எங்கே என்று தெரிந்துவிட்டால் செலவு பாதியாகும்.

உங்கள் பக்கம் மழை ஒரே தடவையில் வருவதில்லை, பூவும் இரண்டு மூன்று தவணையாக வரும். அதனால் அறுவடைக்குப் பிறகும் அகாலமாகக் கொஞ்சம் காய் செடியில் நிற்கும். நாலு காய்தானே என்று விட்டுவிடுவார்கள். வண்டுக்கு அந்த நாலு காய்தான் பாலம், அதையும் உருவி எடுத்துவிடுங்கள்.

கேள்வி: நாங்கள் இரண்டு ஏக்கரையும் ஒரு காய் விடாமல் எடுத்துவிடுகிறோம். பக்கத்துத் தோட்டக்காரர் வெளியூரில் இருக்கிறார், பழம் செடியிலேயே காய்ந்து கொட்டுகிறது. என்ன செய்வது?
வாசகி, சேரம்பாடி

அம்மா, இந்தப் பக்கத்தில் நான் எழுதுவதிலேயே கஷ்டமான பதில் இதுதான், ஏனென்றால் உங்கள் வேலையால் மட்டும் இது தீராது. சுத்தம் செய்த தோட்டத்துக்கும் பலன் உண்டுதான். வண்டு ரொம்ப தூரம் பறந்து போவதைவிடப் பக்கத்துச் செடிக்குப் போவதே அதிகம், அதனால் உங்கள் நடுத்தோட்டம் தப்பிக்கும். வேலி ஓரம் அடிபடும்.

விலை படுத்துக்கிடந்த காலத்தில் பறிகூலிக்குக்கூடக் கட்டாது என்று காயைச் செடியிலேயே விட்டவர்கள் நிறைய பேர். இப்போது விலை பரவாயில்லாத போது ஆள் கிடைப்பதில்லை, உங்கள் பக்கம் யானை நடமாட்டத்தால் சாயங்காலம் நாலு மணிக்கு மேல் தோட்டத்தில் யாரும் நிற்பதும் இல்லை. அதனால் அந்த மனிதரைத் திட்டுவதைவிட அவருக்கு வழி காட்டுவது நல்லது என்று நினைக்கிறேன். போன் பண்ணி, கடைசிப் பறிப்பையும் பொறுக்கலையும் நாங்களே செய்துகொள்கிறோம், கிடைக்கிற காய் எங்களுக்கு, தோட்டம் சுத்தமாகிவிடும் உங்களுக்கு என்று கேளுங்கள். எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், செய்தியாக அனுப்பினால்கூடப் போதும், நாளைக்குத் திருட்டு என்ற பேச்சு வரக்கூடாது. பொறுக்குகிற பெண்களுக்கு நாள்கூலியோடு கிலோவுக்கு இவ்வளவு என்று தனியாகக் கொடுத்தால் சருகுக்கு அடியில் இருப்பதும் வெளியே வரும். அவர் காபியே வேண்டாம் என்று முடிவு செய்திருந்தால் செடியை வெட்டிவிடுவதுதான் மரியாதை. கைவிட்ட காபிச் செடியைச் சும்மா நிற்க விடுவது, ஊருக்கே வண்டு வளர்த்துக் கொடுப்பதுதான்.

உங்கள் சரிவில் பத்துப் பன்னிரண்டு சிறு விவசாயிகள் இருப்பீர்கள். ஒரே வாரத்தில் எல்லோரும் பொறுக்கலை முடிப்பது என்று மட்டும் பேசி வையுங்கள். ஆளுக்கு ஒரு மாசத்தில் செய்தால் வண்டு இந்தத் தோட்டத்துக்கும் அந்தத் தோட்டத்துக்கும் மாறி மாறிப் பிழைத்துக்கொள்ளும்.

கேள்வி: இது மிளகுக்கும் தேயிலைக்கும் தாவுமா?
வாசகர், ஓவேலி

தாவாது. காபிக் கொட்டையில் மட்டும்தான் இது குடும்பம் பெருக்கும். மிளகு மணியைப் பொக்காக்குவதும் தேயிலைக் கிளையைத் துளைப்பதும் வேறு வண்டுகள்.

கேள்வி: வெள்ளைப் பூசணம் தெளித்தால் போரர் போய்விடும் என்கிறார்கள். உண்மையா?
வாசகர், பெரும்பாறை

பாதி உண்மை. பவேரியா பாசியானா என்ற பூசணம் வண்டின் உடம்பில் முளைத்து அதைக் கொல்லும். மழைக்காலத்தில் சில காயின் தொப்புளில் வெள்ளையாகப் பஞ்சு வைத்தது போலத் தெரிந்தால் அது தானாகவே வேலை செய்கிறது என்று அர்த்தம். தெளிப்பதாக இருந்தால் காற்றில் நல்ல ஈரம் இருக்க வேண்டும், வெயில் சாய்ந்த பிறகு அடிக்க வேண்டும், வண்டு வாயிலில் இருக்கும் பருவமாக இருக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் பணம் தண்ணீரில் போகும். இலைத்துரு நோய்க்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவை அடிப்பீர்கள் அல்லவா, அது எல்லாப் பூசணத்தையும் கொல்வது போல இதையும் கொல்லும், இரண்டுக்கும் நடுவில் நல்ல இடைவெளி விடுங்கள். வாங்கும்போது தயாரித்த தேதியைப் பாருங்கள், உயிருள்ள பொருள், வெயிலில் கிடந்த பொட்டலம் வெறும் மாவுதான்.

ஆப்பிரிக்காவைச் சொந்த ஊராகக் கொண்ட செஃபலோனோமியா என்ற சின்னக் குளவியையும் 1990களில் இந்தியாவுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். காய்க்குள்ளேயே புகுந்து போரரின் முட்டையைத் தின்று, புழுவின் மேல் தன் முட்டையை வைக்கும். அதைக் காப்பாற்ற வேண்டும் என்றாலும் கண்டபடி மருந்து அடிப்பதை நிறுத்தியாக வேண்டும்.

கேள்வி: காஃபின் பூச்சிகளுக்கு விஷம் என்று பாடத்தில் படித்தேன். அப்படியானால் இந்த வண்டு காபிக் கொட்டையைத் தின்றும் எப்படிச் சாகாமல் இருக்கிறது?
கல்லூரி மாணவி, கொடைக்கானல்

நீங்கள் படித்தது சரி. மற்ற பூச்சிகளை விரட்டத்தான் செடி காஃபினை வைத்திருக்கிறது. போரரின் குடலில் வாழும் பாக்டீரியாக்கள், குறிப்பாக சூடோமோனாஸ் ஃபுல்வா என்ற ஒன்று, அந்தக் காஃபினைச் சிதைத்துவிடுகின்றன என்று 2015இல் வெளியான ஆய்வு காட்டியது. நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்து அந்த பாக்டீரியாவை அழித்தபோது வண்டால் காஃபினைச் செரிக்க முடியவில்லை, பாக்டீரியாவைத் திரும்பக் கொடுத்ததும் முடிந்தது. தோட்டத்தில் செடிக்கு நுண்ணுயிர்க்கொல்லி அடிக்கலாமா என்று யாராவது கேட்டால் கூடவே கூடாது என்று சொல்லுங்கள். ஆனால் இந்த வழியில் யோசிக்க இளம் ஆய்வாளர்கள் தேவை, மலையிலேயே வளர்ந்த உங்களைப் போன்றவர்கள் வந்தால் ரொம்ப சந்தோஷம்.

கேள்வி: கோத்தகிரிச் சரிவில் கொஞ்சம் அரபிகா வைத்திருக்கிறோம், போரர் இதுவரை கண்ணில் படவில்லை. சின்னதாக உலர்களமும் அரவை மெஷினும் போட்டு வெளியூர்க் காபியும் வாங்கலாம் என்று திட்டம். உயரமான இடம் என்பதால் பயமில்லையா?
வாசகர், கோத்தகிரி

உயரம் உங்களுக்குத் துணைதான். 15 டிகிரிக்குக் கீழே இந்த வண்டின் வளர்ச்சி நின்றுவிடுகிறது, குளிர்ந்த இடத்தில் வருஷத்துக்கு ஓரிரு தலைமுறைதான் ஓடும். ஆனால் வராது என்று சொல்ல முடியாது, சூடு ஏற ஏற அது மேலே ஏறிக்கொண்டுதான் இருக்கும். உங்கள் விஷயத்தில் அது பறந்து வருவதைவிட லாரியில் வருவதற்குத்தான் வாய்ப்பு அதிகம்.

அதனால் ஈரப்பழமாகவோ அரைகுறையாகக் காய்ந்த செர்ரியாகவோ வெளியிலிருந்து எதையும் வாங்காதீர்கள். பார்ச்மெண்ட் (சதையை நீக்கி உள்தோலோடு காயவைத்த கொட்டை) 10 சதவீதம், அரபிகா செர்ரி 10.5, ரொபஸ்டா செர்ரி 11 சதவீத ஈரத்துக்குக் காய்ந்திருக்கிறதா என்று ஈரமானி வைத்துப் பார்த்து வாங்குங்கள். அந்த அளவுக்குக் காய்ந்த கொட்டையில் வண்டால் பெருக முடியாது. வெளியூர்ச் சாக்கைத் தோட்டத்துக்குள் கொண்டுபோகாதீர்கள், களத்திலேயே உதறி, கொதிநீரில் போட்டு எடுத்துக் காயவைத்த பிறகு திருப்பி அனுப்புங்கள். பழம் கழுவும்போது மிதக்கிற காயைத் தனியாக அரித்து எடுத்து அன்றைக்கே கொதிநீரில் போடுங்கள், துளை விழுந்தது பெரும்பாலும் மிதப்பில்தான் வரும். களத்தையும் கிடங்கையும் சுற்றி வருஷம் முழுக்கப் பொறி கட்டி வையுங்கள். உங்களைப் போல வண்டு இன்னும் வராத இடத்தில் பொறிக்கு உண்மையான வேலை இருக்கிறது. முதல் வண்டு விழுந்த அன்றைக்கே காபி வாரிய அலுவலகத்துக்குச் சொல்லிவிட்டு, களத்துக்குப் பக்கத்துச் செடிகளில் காயை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.